பூனை தொடாத கெண்டை

அத்தியாயம் 4

“தாத்தா, மீனுக்கு அழுக்குப் படியுமா?”

குடிதண்ணீர் மிஷினின் திறப்பு விழா அன்று இந்தக் கேள்வியைக் கேட்டவள் ஆஷ்லின். ஒன்றாம் வகுப்பு. கையில் கேசரித் தட்டு. நெடுவயல்குடியின் குடிதண்ணீர்க் கமிட்டித் தலைவர் முத்துராமலிங்கம், படியாது என்று தலைவருக்குரிய குரலில் சொல்லிவிட்டார். குழந்தை கேசரியோடு ஓடிவிட்டது. கேள்வி மட்டும் போகாமல் அவரிடமே தங்கிவிட்டது. நல்ல மனிதர்களுக்கு இது ஒரு தொந்தரவு. குழந்தை கேட்டதை அவர்களால் லேசில் தள்ளிவிட முடியாது.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அவர் ஊருணிக் கரையில் மிஷின் ரூமுக்கு முன்னால் ஒரு தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டிக்குள் ஐஸ். ஐஸின்மேல் ஐந்து கெண்டை மீன்கள், வரிசையாக, வெள்ளைத் துணி போர்த்தி.

காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் ரோகிணி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டயர்க் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். வருவதெல்லாம் பெரும்பாலும் கல்யாண விசாரணைகள்தான். முத்துராமலிங்கத்தின் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை சிங்கப்பூரில் இல்லை, சிங்கம்புணரியில்தான் இருக்கிறான் என்று கண்டுபிடித்தவள் அவள். அன்றிலிருந்து அவள் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது. பின் சீட்டில் வந்தவன் உதவியாளன் மாயக்கண்ணன். முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். தொழில் போனாலும் பழக்கம் போகவில்லை. பெட்டியைத் திறந்ததும் போனை நீட்டி, “மாப்பிள்ளை வீட்டுக்காரக எல்லாரும் கொஞ்சம் இங்குட்டுப் பாருங்க” என்று ஐந்து மீன்களையும் ஒரே படத்தில் பிடித்தான்.

“சாவு வீடுய்யா இது” என்றார் முத்துராமலிங்கம் வருத்தமாக.

பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். போன வருஷம் ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் குடிதண்ணீரில் கலந்து, நாற்பத்து மூன்று பேர் மஞ்சள் காமாலையில் படுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு, கானாடுகாத்தானில் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு மலேசியாவில் இருக்கும் ஒரு குடும்பம் இந்த மிஷினை வாங்கிக் கொடுத்தது. காற்றில் பத்தாயிரம் வோல்ட் கரண்டைப் பாய்ச்சினால் ஓசோன் என்று ஒரு வாயு வருகிறது. அதைத் தண்ணீருக்குள் குமிழியாக விட்டால் கிருமி எதுவும் பிழைக்காது. ஊரில் இதற்கு மின்னல் மிஷின் என்று பெயர்.

ஆனால் ஊருக்கு ஊர் ஒரு முறை இருக்கிறதல்லவா? நெடுவயல்குடியில் கிணறோ தொட்டியோ, குடிக்கிற தண்ணீர் என்றால் அதில் ஐந்து கெண்டையை விடவேண்டும். மீன் நீந்தினால் தண்ணீர் நல்ல தண்ணீர். மிஷின் வைக்க வந்த என்ஜினியர் லேப் ரிப்போர்ட்டைக் காட்டிப் பார்த்தார். ரிப்போர்ட் நீந்துமா என்று ஊர் கேட்டது. அவர் கும்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். மீன்கள் தொட்டிக்குள் வந்தன.

மூன்று வாரம் அமர்க்களமாக நீந்தின. நான்காவது வெள்ளிக்கிழமை மாலை ஐந்தும் செத்து மிதந்தன. மறுநாள் ஊருணியில் பிடித்து வேறு ஐந்து விட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவையும் போயின. மூன்றாவது முறை விட்டவை நேற்று போயின. நேற்றும் வெள்ளிக்கிழமை.

“நம்மாளுக வெள்ளிக்கிழமை மீனைத் தொட மாட்டாக” என்றான் மாயக்கண்ணன். “இங்க மீனு வெள்ளிக்கிழமையைத் தொட மாட்டேங்குது.”

யார்மேல் சந்தேகம் என்று ரோகிணி கேட்டாள். முத்துராமலிங்கம் மிஷின் ரூம் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். மிஷின் ஓட்டுகிற சூசைமேரிமேல்தான் ஊருக்குச் சந்தேகம். ஆஷ்லினின் அம்மா. புருஷன் இல்லாத பெண், இந்த வேலைதான் அவளுக்கு ஆதாரம். வெள்ளிக்கிழமை தவறாமல் நாலு மணிக்கு மாதா கோயிலில் ஜெபத்துக்குப் போவாள். சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போய், ஐந்தரைக்குத் திரும்பி வாங்கிக்கொள்வாள். அவள் வந்த அரை மணிக்குள் மீன் மிதக்கும். இன்று மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். மிஷினுக்குப் பூட்டு, அவள்மேல் போலீஸ் புகார் என்று வாட்ஸ்அப் குரூப்பில் முக்கால்வாசிப் பேர் கைகூப்பிப் படம் போட்டாகிவிட்டது. தலைவர் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

“ஒரு பொம்பளைப் பிள்ளை மேல பழி போடுறதுக்கு முந்தி ஒருக்காப் பாத்துருவோம், தாயி” என்றார். “இவ இல்லைன்னா யாருன்னு சொல்லுங்க. இவதான்னாலும் சொல்லுங்க.”

சாவி அவரிடம் இருக்கும் ஒன்றரை மணி நேரம் உள்ளே யாராவது போனார்களா என்று ரோகிணி விசாரித்தாள். ஈ காக்கை போகவில்லை என்று அவர் அடித்துச் சொன்னார். அந்த நேரம் முழுக்க அவரே இங்கே இருந்து, செய்யவேண்டியதைச் செய்துவிட்டுத்தான் போவார். பொறுப்பு என்றால் பொறுப்பு.

ரோகிணி துணியை விலக்கி மீன்களைப் பார்த்தாள். விஷம்தான் என்பதற்கு ஊர் வைத்திருந்த பெரிய சாட்சி ஒரு பூனை. மிஷின் ரூமைச் சுற்றி வரும் சாம்பல் நிறப் பூனை. முதல் வெள்ளிக்கிழமை செத்த மீனை அதன்முன் போட்டார்கள். முகர்ந்தது. போட்டவர்களை ஒருமுறை பார்த்தது. திரும்பி நடந்துவிட்டது. பூனையே தொடவில்லை என்பது அன்று மாலைக்குள் கல்லல் வரைக்கும் போய்விட்டது.

மாயக்கண்ணன் ஒரு மீனை மூக்கருகே கொண்டுபோனான். இன்னொன்றை எடுத்தான். அப்புறம் தன் விரலையே முகர்ந்து பார்த்தான்.

“அக்கா, இதுல மீன் வாடையே இல்லை. வெளுக்கப் போட்டு எடுத்த வேட்டி மாதிரி இருக்கு. பூனை விஷத்துக்குப் பயந்து போகலை. இது மீன்தான்னு அதுக்கு யாரும் சொல்லலை.”

ரோகிணி சிரிக்கவில்லை. அதை டயரியில் எழுதிக்கொண்டாள்.

மிஷின் ரூமுக்குள் சூசைமேரி எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். அழுது முடித்த முகம். ஆனாலும் வந்தவர்களுக்கு முதலில் குடிக்கத் தண்ணீர்தான் கொடுத்தாள். மாயக்கண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “குடிச்சா வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்குமா, அக்கா?” என்றான். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்ததை முத்துராமலிங்கம் பார்த்தார். ஏனோ அவருக்கு அது கஷ்டமாக இருந்தது.

அவள் எல்லாவற்றையும் காட்டினாள். நீள நீளமான கண்ணாடிக் குழாய்களுக்குள் ஊதா வெளிச்சம் சீறிக்கொண்டிருந்தது. இடி விழுந்த பிறகு வயலில் வருமே, அந்த வாசனை. வாயு குழாய் வழியாகப் போய் முதல் தொட்டியில் குமிழ் குமிழாக வெளிவருகிறது. அங்கே கிருமிகள் சாகும். பிறகு தண்ணீர் ஒரு மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். அதற்குள் வாயு இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோகும். அந்த நல்ல தண்ணீர் இரண்டாவது தொட்டிக்குப் போகும். ஊர் குடிப்பது அதைத்தான். மீன் இருப்பதும் அதில்தான்.

இந்த வாயுவுக்கு ஆகாதது எது என்று ரோகிணி கேட்டாள். கிருமிக்கு அடுத்தபடி ரப்பர் என்றாள் சூசைமேரி. மேஜைமேல் ஒரு டப்பாவில் பழைய வாஷர்கள் கிடந்தன. மாதம் ஒருமுறை மாற்ற வேண்டுமாம். ஒவ்வொன்றும் கோடை வயல்போல் குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தது. ரோகிணி ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்து அவள் செய்ததைப் பார்த்து ஊருணிக் கரையில் கூட்டம் கூடிவிட்டது. மாயக்கண்ணனை வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி ஊருணியில் இறக்கினாள். அவன் முக்கால் மணி நேரம் சேற்றோடு போராடி மூன்று கெண்டைகளைப் பிடித்தான். நாலாவதாகப் பிடித்தது யாரோ தொலைத்த செருப்பு. மூன்று மீன்களையும் அப்படியே இரண்டாவது தொட்டியில் விட்டார்கள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மீன்கள் சாகவில்லை. ஒரு மணி ஆயிற்று. சாகவில்லை. சாவைப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாப்பிடப் போனார்கள். போகிற போக்கில் ஒருவர், இன்றைக்குச் சனிக்கிழமைதானே என்றார்.

“விஷம் தண்ணியில இல்லை” என்றாள் ரோகிணி. “மீனு எங்கயோ போயிட்டு வந்திருக்கு.”

“காலு இல்லாத சாதி, அக்கா. பஸ்ஸுக்கும் வழியில்லை.”

இரண்டு மணிக்கு முத்துராமலிங்கத்தின் வீட்டில் சாப்பாடு. கை கழுவக் கொல்லைப்பக்கம் போன ரோகிணி வெகுநேரம் திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த வலைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மூங்கில் கழியின் நுனியில் வளையமும் கொசுவலைப் பையும். வளையம் கழன்றுவிடாமல் இருக்க சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. இந்த டியூப் எப்போது சுற்றியது என்று கேட்டாள். போன மாதம்தான், கடையில் புதுசாக வாங்கி அவர் கையாலேயே சுற்றியது.

ரோகிணி கைப்பையிலிருந்து வாஷரை எடுத்து டியூப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே வயலில் வெடித்த மண்போல் இருந்தன.

முத்துராமலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. டியூப் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தார். அவள் பேச்சை மாற்றி, சாப்பிட உட்கார்ந்த பிறகு சாதாரணமாகக் கேட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து அவர் என்னென்ன செய்வார், ஒன்று விடாமல் சொல்ல வேண்டும்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னார். அஞ்சு மணிக்கு எழுந்திரிப்பார். மாட்டுக்குத் தவிடு. பிள்ளையார் கோயில். இட்லி. வயலுக்கு ஒரு நடை. மத்தியானம் சாம்பார், வெண்டைக்காய். ஒரு சின்னத் தூக்கம். நாலு மணிக்கு மிஷின் ரூம் சாவி. மீன்களைக் குளிப்பாட்டுவது. ஐந்தரைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுக் காபி.

மாயக்கண்ணனின் கையிலிருந்த அப்பளம் பாதி வழியில் நின்றது.

“எதைக் குளிப்பாட்டுவீக?”

“மீனைத்தான்.” இதென்ன கேள்வி என்று அவர் பார்த்தார். “ஊரே குடிக்கிற தண்ணி. ஊருணிச் சேத்துல கெடந்த மீனை அப்படியே விட்டா நல்லாவா இருக்கும்? அந்தப் பிள்ளை ஆஷ்லின் கேட்டுச்சு, அழுக்குப் படியுமான்னு. படியாதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் மூணு வாரம் யோசிச்சேன். படியத்தானே செய்யும்.”

எங்கே வைத்துக் குளிப்பாட்டுவார் என்று ரோகிணி மெதுவாகக் கேட்டாள். முதல் தொட்டியில்தான். கிருமியே சாகிற தண்ணீர் என்றால் அதைவிடச் சுத்தமான தண்ணீர் உண்டா? வலைக் கரண்டியில் அள்ளி, குமிழி வருகிற இடத்தில் முக்கி, இருநூறு எண்ணுவார். பிறகு பத்திரமாக இரண்டாவது தொட்டியில் விட்டுவிடுவார்.

“வெள்ளிக்கிழமை ஏன்?”

“ஆம்பளைக்கு எண்ணெய்க் குளியல் புதனும் சனியும். பொம்பளைக்குச் செவ்வாயும் வெள்ளியும். ஊருக்குத் தண்ணி காக்குறது பொம்பளை வேலைதானே. அதான் வெள்ளி.”

“சீயக்காய் போட்டீகளா?” என்றான் மாயக்கண்ணன்.

“தண்ணிக்கு ஆகாதுன்னு போடலை” என்றார் அவர் உண்மையாக. “அதுகளுக்கு அந்தக் குளியல் அவ்வளவு பிடிக்கும். என்ன துள்ளுத் துள்ளும்கிறீக.”

ரோகிணி இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“சாகுற மீனும் துள்ளும்ய்யா.”

இறைவன் சில உண்மைகளை மெதுவாகத்தான் இறக்கி வைப்பான். முத்துராமலிங்கம் முதலில் தலையாட்டினார். பிறகு கழியைப் பார்த்தார், வெடித்த டியூபைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று அன்போடு எண்ணிய எண்கள் எல்லாம் காதில் திரும்பக் கேட்டன. மூன்று வெள்ளிக்கிழமை. பதினைந்து மீன்கள். இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

கை கழுவிவிட்டு வந்து, ஊர் சிரிக்கும் என்றார். சிரிக்கும் என்று ரோகிணி ஒத்துக்கொண்டாள். அவள் வேலை முடிந்துவிட்டது. ஐந்து மணிக்குக் கூட்டத்தில் இதைச் சொல்லப்போவது அவளா, அவரா என்பதுதான் மீதி. அதை அவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டாள். மாயக்கண்ணன் ஒன்றும் சொல்லாமல் வலைக் கரண்டியைப் பழையபடி சுவரில் மாட்டினான். வாயாடிகளின் மௌனத்துக்குத் தனி மரியாதை உண்டு.

கூட்டம் மிஷின் ரூமுக்கு முன்னாலேயே நடந்தது. நூறு பேருக்குக் குறையாது. சூசைமேரி சுவரோரமாக நின்றாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. முத்துராமலிங்கம் எழுந்து நின்றார். கமிட்டித் தலைவராக எத்தனையோ கூட்டத்தில் பேசியவர். வீட்டிலிருந்து வழி நெடுக ஒரு வாக்கியத்தைத் தயார் செய்திருந்தார். அதைக் காணவில்லை.

அவர் விழிப்பதைப் பார்த்து சூசைமேரிதான் முதலில் பேசினாள். அவள் கெட்டிக்காரி. முற்பகலில் ரோகிணி வாஷர் எடுத்துப் போனதும், மூன்று மணிக்கு வந்து முதல் தொட்டி மூடியில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டி எடுத்ததும், இப்போது தலைவர் நிற்கிற நிலையும் அவளுக்குப் போதுமாக இருந்தன.

“தப்பு எம்மேலதான்” என்றாள். “முதல் தொட்டியில உசுருள்ளது எதுவும் படக்கூடாதுன்னு நான் போர்டு எழுதி மாட்டியிருக்கணும். மாட்டலை. வேற யாரையும் கேக்க வேணாம்.”

கூட்டம் சலசலத்தது. ஒத்துக்கொண்டாள் பார் என்று ஒரு குரல் வந்தது. முத்துராமலிங்கம் அவளையே பார்த்தார். தன் வேலையையும் பெயரையும் கையில் எடுத்து, அவர் வெட்கத்தை மறைக்க ஒரு துண்டைப்போல நீட்டுகிறாள். வாங்கிக்கொண்டால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் ஆஷ்லினின் குரல் கேட்டது. குழந்தை சுவர்ப்பக்கம் திரும்பி, புதிதாகப் படிக்கக் கற்றவர்களின் ஆசையோடு, அங்கே கரியால் கிறுக்கியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது.

“வி... ஷ... க்... கா... ரி.” பிறகு அம்மாவின் சேலையை இழுத்து, “யாரும்மா அது?” என்றது.

“மீனைக் கொன்னது நான்” என்றார் முத்துராமலிங்கம்.

சத்தமாகவே சொன்னார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வலைக் கரண்டி, குமிழி, இருநூறு, வெள்ளிக்கிழமை. எண்ணெய்க் குளியல் கணக்குக்கு வந்ததும் பின்வரிசையில் ஒருவர் களுக்கென்றார். அவ்வளவுதான். கல்லல் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும் அந்தச் சிரிப்பு. இனி பொங்கலுக்கு மாட்டையும் அவரிடமே விடலாமா என்றார்கள். மீனுக்குத் தலை துவட்டியது யார் என்றார்கள். பூனையைக்கூட ஒருவர் தூக்கிவந்து, இதற்கும் ஒரு முழுக்குப் போடுங்கள் என்றார். அவர் தலை குனிந்து நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார். சிரிப்பு ஓய்ந்தபோது மிஷினுக்குப் பூட்டு என்ற பேச்சு யாருக்கும் ஞாபகம் இல்லை. மூன்று கெண்டைகளும் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தன. சூசைமேரி மோட்டாரைப் போட உள்ளே போனாள். அவரைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று, “காபி குடிச்சீகளா, அய்யா?” என்று மட்டும் கேட்டாள்.

ஸ்கூட்டர் கிளம்பும்போது மாயக்கண்ணன் கை கொடுத்தான். எத்தனையோ கொலைகாரர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பதாகவும், கொல்வதற்குமுன் நாள் நட்சத்திரம் பார்த்தவர் இவர் ஒருவர்தான் என்றும் சொன்னான். ரோகிணி அவன் தலையில் தட்டினாள். முத்துராமலிங்கமும் சிரித்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிப் பூசைக்குக் கோயில் மணி அடித்தது. சூசைமேரியும் ஆஷ்லினும் அந்தத் தெருக்காரர்களோடு போய்விட்டார்கள். மற்றவர்கள் டீக்கடையில் நேற்றைய கதையை மறுபடி ஆரம்பித்திருந்தார்கள். ஊருணிக் கரையில் ஆள் இல்லை.

முத்துராமலிங்கம் வயல் வழியாகச் சுற்றி வந்தார். கையில் ஒரு வாளி சுண்ணாம்பு, ஒரு பிரஷ். வேலை வாங்கிப் பழகிய கை. ஐம்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக ஒரு சுவருக்கு வெள்ளையடிக்கிறார். அந்த எழுத்துகளைக் கடந்துதான் ஒரு வாரமாகப் போய்வந்திருக்கிறார். யார் கிறுக்கியதோ தெரியாது. அழிக்காமல் போனது யார் என்பது தெரியும்.

ஒரு பூச்சில் கரி மறையவில்லை. காயவிட்டு மறுபடி பூசினார். அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியக்கூடாதென்று சுவர் முழுக்கப் பூசினார். பிறகு மற்ற மூன்று பக்கங்களையும். சுண்ணாம்பு முகத்தில் தெறித்தது, வேட்டியில் வழிந்தது. சொல்லாத நன்றிக்கு எத்தனை பூச்சு வேண்டும் என்று யாரும் வரையறுக்கவில்லை. அதனால் வாளி காலியாகும்வரை பூசினார்.

பூசை முடிந்து மணி அடித்தபோது பிரஷை ஊருணிக்கு அப்பால் வாய்க்காலில் கழுவினார். வந்த வழியே வயலுக்குள் இறங்கி நடந்தார். அங்கே, வெயிலில், சுவர் காய்ந்துகொண்டிருந்தது.